குங்கும ரோஸ்

உங்கள் ஊர்ப் பக்கமும் பூச்செடி வண்டி வருகிறதா? எங்கள் மலைக்குக் கோடை பிறந்தால் வந்துவிடும். சின்ன லாரி. பின்புறம் பலகை அடித்து, தட்டுத் தட்டாகக் கறுப்புப் பைகளில் செடிகள். வளைவுகளையெல்லாம் சுற்றிச் சுற்றி ஏறி வருவதற்குள், வாந்தி எடுத்த பிள்ளைகள் மாதிரி பூக்களெல்லாம் தலை சாய்ந்து கிடக்கும். தண்ணீர் தெளித்ததும் நிமிர்ந்துகொள்ளும். என் வயதுக்காரிகள்தான் முதலில் ஓடுவோம். சின்னப் பெண்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை.

ஓடுவேனே தவிர, கூட்டத்தில் எனக்குப் பேச வாய் வராது. செடிக்காரர் “உங்களுக்கு என்ன கலருங்கம்மா?” என்று கேட்டால் விரலால்தான் காட்டுவேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. ஆனாலும் எழுதும்போது எதிரில் ஒரு முகம் இல்லை, அதனால் கொஞ்சம் தைரியம் வருகிறது. இந்தக் கோடையில் அந்த வண்டியில் ஒரு சிவப்பு ரோஜாவைப் பார்த்தேன். பார்த்ததும் வயிற்றுக்குள் பழைய எரிச்சல் ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. பேரன் பேத்தி எடுத்த பிறகுமா என்று எனக்கே வெட்கம். உங்களில் யாருக்காவது இப்படி ஓர் எரிச்சல் இல்லாமலா இருக்கும்? அவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

நாங்கள் குண்டனி நாட்டுக்காரர்கள். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வாசலில் எதிரெதிராக வீடு போட்டிருந்தார்கள். அப்பாவுக்குக் காட்டு வேலை. சாமையும் ராகியும் விளையும். சித்தப்பா ஓர் அதிகாரியின் பங்களாவில் தோட்டக்காரர். சித்தப்பாவின் மகளுக்கும் எனக்கும் சில மாதம்தான் வித்தியாசம். நான் மூத்தவள், அதனால் அவளுக்கு நான் அக்கா. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அவள் வாங்கிய மதிப்பெண்ணை நானும் வாங்குவேன். சில சமயம் கூடவும் வாங்குவேன். அதில் எனக்குக் குறை இல்லை.

குறை வாசலில்தான். எங்கள் பாதியில் உரல், விறகு, கோழிக்கூடு, ஆட்டுப் புழுக்கை. அவர்கள் பாதியில் பூ.

பங்களா அம்மா வேண்டாமென்று பிடுங்கிப் போடும் நாற்றுகளைச் சித்தப்பா ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து மகளிடம் கொடுப்பார். “எது வேணும் கண்ணு, பொறுக்கி எடுத்துக்க” என்பார். அவள் குத்தவைத்து உட்கார்ந்து பொறுக்குவாள். காகிதத்தில் கத்தரித்து வைத்ததுபோல் இருக்கும் ஜினியா, தட்டு அகலத்துக்கு டேலியா, இரத்தம் தோய்ந்த மாதிரி கோழிக்கொண்டை, தொட்டால் விதை வெடிக்கும் காசித்தும்பை. மஞ்சளை ஓரத்தில் வை, வெள்ளையை நடுவில் வை என்று அவள் சொல்ல, சித்தப்பா குழி போடுவார். பூவைப் பொறுக்குகிற வேலை என்று உலகத்தில் ஒன்று உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பொறுக்குவது சாமையில் கல்.

எல்லாவற்றுக்கும் நடுவில் ரோஜா. வெளிர் நிறம்தான். ஆனால் பனி விலகி முதல் வெயில் படும்போது அது விடுகிற வாசனை, அடுப்புப் புகையையும் தாண்டிக்கொண்டு எங்கள் படிக்கு வரும். மூக்கை மூடினாலும் வரும்.

அவள் தண்ணீர் ஊற்ற ஒரு டப்பா வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பால் பவுடர் டப்பா. அடியில் ஆணியால் பொடிப் பொடியாக ஓட்டை போட்டு, பக்கத்தில் கம்பிக் காது வைத்துச் சித்தப்பா செய்து கொடுத்தது. தூக்கிப் பிடித்தால் மழை மாதிரி பொழியும். எனக்கு இருந்தது நெளிந்த போசிப் பாத்திரம். அதில் ஊற்றினால் மண் பெயர்ந்து வேர் வெளியே வந்துவிடும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது வேறு. அப்பா தினமும் காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். என்னைத் தாண்டித்தான் போவார். ஒரு வார்த்தை இருக்காது. அவர்கள் பாதிக்குப் போனதும் நிற்பார். குனிந்து ரோஜாவை முகர்வார். முகமே மாறிவிடும். பக்கத்தில் டப்பாவோடு நிற்கும் அவள் தலையைத் தடவி, “என்ன ராசாத்தி, இன்னைக்கு எத்தனை பூத்திருக்குது?” என்பார். அந்தக் கை என் தலையில் பட்ட ஞாபகமே எனக்கு இல்லை. எனக்கும் ஒரு ரோஜா இருந்தால் அப்பா என் பக்கமும் நிற்பார் என்று நினைத்தேன். அந்தக் கோடை முழுக்க எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“ஏம்புள்ள, எனக்கு ஒரு குச்சி ஒடிச்சுத் தாயேன். நானும் நட்டுக்கறேன்.”

“மாட்டேன்க்கா. ஒடிச்சா செடி அழுவுமாம். எங்கம்மா சொல்லுச்சு.”

“நீ தெனமும் பூவு பறிக்கறயே, அப்ப அழுவாதா?”

“அப்பச் சிரிக்குமாம்.”

வீட்டுக்குள் போய் ராகி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்தாவது முடிந்து பள்ளிக்கூடம் விட்டிருந்த சமயம் அது. கோடை மழை ஒன்று விழுந்த அன்று சாயங்காலம், களி தின்றுகொண்டே அப்பா அம்மாவிடம் சொன்னார்:

“நாளைக்கு லாரி வருது. குங்கும ரோஸுக்குத்தான் சொல்லியிருக்கறேன்.”

“முள்ளுவாடின்னு சொன்னீங்க?”

“முள்ளுவாடி எதுக்கு? இந்த மண்ணுக்கு ரோஸ்தான் நல்லாப் புடிக்குமாமா. மேக்காடு பூராவும் அதையே வெச்சுரலாம்.”

மேற்குக் காடு முழுக்க ரோஜா! அதுவும் குங்கும நிறத்தில். முள் இருப்பது வேண்டாமாம், ரோஸே போதுமாம். என் மனம் பூவுக்கு ஏங்குவதை அப்பா எப்படிக் கண்டுபிடித்தார்?

“அப்பா, நெசமாவே ரோஸுங்களா?”

“ஆமாஞ்சாமி. ஏன், உனக்கும் வேணுமா?”

“எனக்கே எனக்குன்னு ஒண்ணு வேணுங்க.”

அப்பா சிரித்தார். “ஒண்ணென்ன, ஒரு கட்டாவே எடுத்துக்க.”

நீங்கள் மலைக்குக் கீழே கிழங்கு விளைகிற பக்கத்துக்காரர்களாக இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். முள்ளுவாடி, குங்கும ரோஸ் இரண்டுமே மரவள்ளிக் கிழங்கில் ரகங்கள். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். மலையிலேயே திருப்புலி நாட்டில் அப்போதே போட்டிருந்தார்கள். எங்கள் காட்டுக்கு அந்த வருஷம்தான் முதல். சந்தையில் வேகவைத்து விற்கும் கிழங்கைத் தின்றிருக்கிறேன். செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. ரோஸ் என்றால் எனக்குத் தெரிந்தது எதிர் வாசலில் பூத்தது மட்டும்தான்.

விடிந்ததும் அவளிடம் போய் நின்றேன். என் வாழ்நாளில் நானாகப் போய்ப் பெருமை பேசியது அந்த ஒரு தடவைதான்.

“எங்கப்பன் லாரியில ரோசா கொண்டாராரு. மேக்காடு பூராவும்.”

“பொய்யி.”

“எங்கப்பனையே கேளு. குங்குமக் கலரு. உங்களது மாதிரி வெளுத்துப்போனதில்ல.”

அவள் கேட்டுவிட்டு வந்தாள். முகம் சுண்டியிருந்தது. “ஆமாம்னு சொல்லுதுக்கா பெரியப்பன்” என்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? வாய்க்குள் பலாச்சுளை இருப்பதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறிவிட்டு, கையில் இருந்த டப்பாவை நீட்டினாள்.

“இத நீ வெச்சுக்க. எனக்கு ஒரு குச்சி குடுப்பியா?”

டப்பாவை வாங்கிக்கொண்டேன். “பாக்கலாம்” என்றேன்.

அன்று முழுக்க எங்கள் பாதியில் பாத்தி கட்டினேன். உரலை உருட்டி நகர்த்தினேன். கோழி புகாமல் முள் அடைத்தேன். நடுவில் ரோஸ், அதைச் சுற்றி எது எது என்று நானும் பொறுக்கினேன். கோயில் மாலையில் காய்ந்த செண்டுமல்லியை உதிர்த்து மஞ்சளுக்கு வைத்துக்கொண்டேன். பாதையோரத்து அந்திமந்தாரையின் கறுப்பு விதைகளை ஊதா நிறத்துக்கு எடுத்துக்கொண்டேன். வெள்ளைக்கு எதுவும் கிடைக்கவில்லை. வெள்ளையாக இருக்கட்டும் என்று ஓரத்தில் கூழாங்கல் அடுக்கினேன்.

லாரி மத்தியானத்துக்கு மேல் வந்தது. கட்டுக் கட்டாகக் குச்சிகளை இறக்கினார்கள். ஆள் உயரம், கணுக் கணுவாக, சாம்பல் நிறம். அவளும் வந்து நின்று ஒரு குச்சியைத் தடவிப் பார்த்தாள்.

“முள்ளே இல்லியேக்கா?”

“இது ஒட்டு ரோசா. முள்ளு இருக்காது” என்றேன். யார் எனக்குச் சொன்னது? யாரும் இல்லை.

“எனக்கு ஒண்ணு?”

“ஒடிச்சா அழுவும்” என்றேன்.

அவள் தன் பாதிக்குத் திரும்பிப் போனாள். ஒரு துண்டை நறுக்கி வாங்கி என் பாத்தியின் நடுவில் நட்டேன். முனையில் சாணி உருண்டை வைத்தேன், சித்தப்பா ரோஜாக் குச்சிக்கு வைப்பதுபோல. அவள் டப்பாவாலேயே காலையும் மாலையும் மழை பொழியவிட்டேன்.

துளிர்த்தது. என்ன அழகு! சிவந்த காம்பு, மினுமினுப்பான இலை. பிறகு அந்த இலை விரிந்தது. ரோஜா இலை மாதிரி இல்லை. விரல்களை அகட்டி யாரோ “இல்லை” என்று கையை விரிப்பதுபோல இருந்தது. வேறு ஜாதி ரோஜா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா ஒருநாள் பங்களாவிலிருந்து திரும்பி வரும்போது பார்த்துவிட்டார். கூழாங்கல் ஓரத்தையும் பார்த்தார், நடுவில் நின்றதையும் பார்த்தார்.

“ஏங்கண்ணு, ரோசாவுக்குப் பாத்தி கட்டிக் கெழங்கு நட்டு வெச்சிருக்கியா?”

வாசலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

“பூத்துதுன்னா எனக்கும் ஒண்ணு குடு. வேக வெச்சு உப்புத் தொட்டுத் திங்கறேன்.”

சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். சித்திதான், “சும்மா இருங்க, புள்ளைக்கு ரோசம் வந்துரும்” என்றாள். “ரோசாதான் வரலீயே, ரோசமாச்சும் வரட்டும்” என்றார் சித்தப்பா. அதற்கும் சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திருப்பிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

காது மடல் கொதிக்க, நான் சொன்னேன்: “கெழங்குன்னு தெரிஞ்சுதான் நட்டேன்.”

சொல்லிவிட்ட பிறகு என்ன செய்வது? தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த முடியுமா? நிறுத்தினால் சித்தப்பா சொன்னது நிஜமாகிவிடும். அதனால் முன்னைவிட அதிகமாக ஊற்றினேன். களை பிடுங்கினேன். மண் அணைத்தேன். மேற்குக் காட்டில் நட்டதெல்லாம் முழங்காலுக்கு வருவதற்குள் என்னுடையது இடுப்புக்கு வந்துவிட்டது.

நான் சொன்னதை அம்மா அப்பாவிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது. ஒருநாள் காலை மண்வெட்டியோடு கிளம்பிய அப்பா என் பாத்தியின் முன்னால் நின்றார். குத்தவைத்து உட்கார்ந்தார். மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு அந்தக் கை, அந்தச் சொரசொரப்பான கை, என் தலைக்கு வந்தது.

“ஊரே பூவு பூவுன்னு திரியுது. எம்புள்ள கெழங்கு நட்டிருக்குது பாரு.”

எதிர் வாசலில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. இது ரோஜா என்று நினைத்து நட்டது என்று அப்போது எப்படிச் சொல்வேன்? நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் வாத்தியார் வந்தார். கட்டிலில் உட்காரவைத்து அம்மா காப்பி கொடுத்தாள். “ரெண்டு புள்ளைகளும் நல்லாப் படிக்குதுங்க. கீழ விடுதியோட பள்ளிக்கூடம் இருக்குது. ரெண்டு பேரையும் சேத்துவிட்டுடலாம்” என்றார். சித்தப்பா உடனே சரி என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவது புத்தகத்தின் வாசனைகூட எனக்கு வந்துவிட்டது.

அப்பா எழுந்து வாத்தியாரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் என் பாத்தியைக் காட்டினார்.

“இத பாருங்க சார். யாரும் சொல்லலீங்க. தானாப் பாத்தி கட்டி, தானா நட்டு, காடு பூராத்துக்கும் மேல கொண்டாந்திருக்குது. தெரிஞ்சுதான் நட்டேன்னு அதுவே சொல்லுச்சுங்க. இது மண்ணுக்குன்னே பொறந்த புள்ள. இதையக் கீழ அனுப்பி என்னத்துக்குங்க?”

வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார். “நீ என்ன சொல்ற கண்ணு?”

அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவள். எல்லா முகமும் என் பக்கம். ‘ரோசான்னு நெனச்சு நட்டேனுங்க சார்’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சித்தப்பாவின் மீசைக்குக் கீழே அந்தச் சிரிப்பு தயாராக இருப்பதுபோல இருந்தது. தரையைப் பார்த்தேன். “அதுவே வாய் தொறக்கல பாருங்க, அதுக்குக் காடுதாங்க புடிக்குது” என்றார் அப்பா. சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்பாரோ என்னவோ. அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். தன்னிடம் இருந்ததிலேயே பெரிய பாராட்டை அவர் எனக்குக் கொடுத்தார். அது என் படிப்பின் மேல் விழுந்தது, அவ்வளவுதான்.

அவள் பஸ் ஏறிய காலையில் இரட்டைச் சடை, தகரப் பெட்டி, தலையில் அந்த ரோஜா. ஜன்னல் வழியாகக் கத்தினாள்: “டப்பாவைப் பத்திரமா வெச்சுக்கோக்கா! நீ எனக்குக் குச்சி குடுக்கோணும், மறந்துராத!” பஸ் போன பிறகும் புகையோடு அந்தப் பூ வாசனை நின்றது. அவள் போனபின் சித்தி ஒருநாள் பூவைப் பறித்து என் தலையில் வைக்க வந்தாள். தலை வலிக்கிறது என்றேன்.

தைக்குப் பிறகு அப்பா என் கிழங்கைத் தோண்டினார். தொடை பருமன். வெளித்தோலைச் சீவினால் உள்தோல் ரோஜா நிறத்தில் இருந்தது. அந்தப் பெயர் அதனால்தானோ என்னவோ. வேகவைத்து முதல் துண்டை எனக்குக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

டப்பா எந்த மழையில் துருப்பிடித்துப் போனதோ தெரியாது. குச்சி மட்டும் போகவில்லை. தோண்டியதும் குச்சியை நறுக்கி மறுபடி நட வேண்டியதுதானே. நான் வாசலூர்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோதும் அப்பா ஒரு கட்டை என்னோடு அனுப்பினார். இன்றைக்கும் என் வீட்டுக்குப் பின்னால் நிற்பது அதே செடியின் குச்சிதான்.

அவள் டீச்சராகி, கீழேயே இருந்து, பென்ஷனும் வாங்கி, போன வருஷம் மலைக்கே திரும்பி வந்துவிட்டாள். எங்கே வந்தாள் என்கிறீர்கள்? படகுத்துறைக்குப் போகும் ரோட்டில், என் வீட்டுக்கு எதிரில் இடம் வாங்கி வீடு கட்டியிருக்கிறாள். மாடியில் சுற்றுலா வருகிறவர்கள் தங்க அறைகள். மறுபடியும் எதிரெதிர் வாசல்.

இந்தக் கோடையில் பூச்செடி வண்டி வந்தபோது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “நீதான்க்கா கைராசிக்காரி. என்ற வாசலுக்கு நீயே பொறுக்கிக் குடு.”

பொறுக்கினேன். ஆசை ஆசையாகப் பொறுக்கினேன். மஞ்சள் ரோஜா, வெள்ளை ரோஜா, ஆரஞ்சு, ஊதாவில் ஜினியா, ஓரத்துக்குப் பட்டு ரோஜா. முதன்முதலாக எனக்குப் பூப் பொறுக்கும் வேலை கிடைத்தது, அதுவும் அவள் வாசலுக்கு. அப்போதுதான் தட்டின் மூலையில் அந்தச் சிவப்பு. அசல் குங்குமம்.

“அந்தச் செகப்பு எடுக்கலீங்களாம்மா?” என்றார் செடிக்காரர்.

“அது வேண்டாங்க. பூச்சி விழும்” என்றேன். என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ. அவள் நம்பினாள். வண்டி திரும்பி வரும்போது என் வாசலில் நிறுத்திச் சிவப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அது பூத்தது. ரோட்டைத் தாண்டி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“பூச்சி விழும்னு சொன்ன?”

“விழுந்துச்சு. பொறுக்கிட்டேன்.”

“சரி, ஒரு குச்சி ஒடிச்சுக் குடு. டப்பா வாங்கிட்டு ஏமாத்துனவதான நீ.”

அவள் மறக்கவில்லை. நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். அரிவாளால் கணுப் பார்த்து ஒரு துண்டு நறுக்கிக்கொண்டு வந்து நீட்டினேன்.

“இந்தா. குங்கும ரோஸ்.”

குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். சித்தப்பாவின் சிரிப்பு அப்படியே அவளுக்கு. நானும் சிரித்துவிட்டேன். போகிற வழியில் தூக்கிப்போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

போடவில்லை. நான் பொறுக்கிக் கொடுத்த ரோஜாக்களுக்கு நட்டநடுவில் நட்டு, ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல் அடுக்கிவிட்டாள். மழையும் பிடித்துக்கொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் தங்கியிருந்த ஒரு குடும்பம் வாசலில் நின்றது. அந்தப் பெண் கேட்டது எனக்கு இங்கேயே கேட்டது.

“ஆன்ட்டி, இது என்ன செடி? இலையெல்லாம் எவ்வளவு அழகா விரிஞ்சிருக்கு!”

அவள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “குங்கும ரோஸுங்க. எங்கக்கா குடுத்தது.”

“ரோஸா! கேள்விப்பட்டதே இல்லையே” என்று அந்தப் பெண் போனை எடுத்தாள். ஆளாளுக்கு அந்தக் கிழங்குச் செடியைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பக்கம் என் சிவப்பு ரோஜா, அன்றைக்குப் பார்த்துக் கிளை கொள்ளாமல் பூத்து நின்றது. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.